பல் செட்டா, இம்பிளாண்டா, காத்திருப்பதா? பிறவியிலேயே பல் குறைவான பிள்ளைக்கு எதை எப்போது செய்வது

என் மகனுக்கு 6 வயது நடந்தபோது, ஒரே மாதத்தில் மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்தோம். முதலாமவர், "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. பதினெட்டு முடியட்டும், மொத்தமா இம்பிளாண்ட் வச்சுடலாம்" என்றார். இம்பிளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கைப் பல் வேர். இரண்டாமவர், "அதுவரைக்கும் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான், எப்படிப் பேசுவான்? கழற்றி மாட்டுற பல் செட் உடனே போடுங்க" என்றார். மூன்றாமவர் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்பிளாண்ட் இப்போதே வைத்துவிடலாம், வெளிநாடுகளில் செய்கிறார்கள் என்றார். மூவரும் அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதை அடித்துவிட்டது. அன்று இரவு நானும் அவன் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசியும் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

இப்போது அவனுக்கு 12 வயது. இந்த ஆறு வருடத்தில் படித்ததும் பட்டதுமாக நிறையச் சேர்ந்திருக்கிறது. அன்று இந்த வழிகளை யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்கு உதவும், எது எதைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவனுக்கு இருப்பது ஹைப்போஹைட்ராட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. கருவின் வெளித்தோல் அடுக்கிலிருந்துதான் முடி, வியர்வைச் சுரப்பி, பல் எல்லாம் உண்டாகின்றன. "இந்த இடத்தில் முளை" என்று அந்த அடுக்குக்குச் சொல்லும் புரதம் ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் இ.டி.ஏ. என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இது இரண்டு, ஆணுக்குத் தாயிடமிருந்து வரும் ஒன்றுதான்) இருப்பதை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதில் பழுது என்றால் முடி மெலிந்திருக்கும், வியர்வை மிகக் குறைவாகவே சுரக்கும், அதனால் உடம்புச் சூடு தணியாது, பல பற்கள் முளைக்கவே முளைக்காது. முளைக்கும் பற்களும் கூம்பு மாதிரி கூராக இருக்கும். வேறு சில மரபணுக்களாலும் இதே நோய் வரும் என்றாலும், அதிகம் காண்பது இந்த வகைதான். 5,000 முதல் 10,000 பிறப்புகளில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். முழுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிரந்தரப் பற்கள் சராசரியாக 9 இருக்கும். பெரும்பாலும் கோரைப் பற்களும் முதல் கடைவாய்ப் பற்களும். என் மகனுக்கு 8.

இது நம் மண்ணுக்குப் புதிய நோயும் இல்லை. சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி டார்வின் 1875-இல் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் 10 ஆண்களுக்கு ஒரு சில பற்களே இருந்தன, உடம்பில் முடி குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு துன்பப்பட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு நோய் தெரியவில்லை, ஆனால் அவர்களுடைய மகன்களுக்கு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரவில்லை. எக்ஸ் குரோமோசோம் என்றால் என்னவென்றே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் எழுதியது அது. அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் வீட்டுக் கதையைப் படிப்பது போலவே இருந்தது. என் மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் குட்டியாக இருக்கும். "அரிசிப் பல்லு" என்று பாட்டி கொஞ்சுவார். என் அம்மாவின் தம்பி ஒருவர் கைக்குழந்தையாக, ஒரு சித்திரை மாதத்தில், காய்ச்சல் கண்டு ஒரே நாளில் போய்விட்டார். ஜன்னி என்றார்கள். அந்தக் குழந்தைக்குத் தலையில் முடியே இல்லை என்று அம்மா இப்போது சொல்கிறார். இதைக் கடத்தும் பெண்களுக்குப் பால் சுரப்பும் குறைவாக இருக்கலாம். என் மகன் பிறந்தபோது எனக்குப் பால் போதவில்லை என்று நான் வாங்கிய பேச்சுகளை நினைத்தால், இதை அன்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.

சரி, பல்லுக்கு வருகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் ஒரு முழுத்தாடை எக்ஸ்ரே

இதை நாங்கள் செய்யவில்லை. அதனால் இழந்ததை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை. மகனுக்கு 5 வயதில் கீழே இடது பக்கக் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை விழுந்து வலித்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு, "பால் பல்லுதானே, எடுத்துடலாம், புதுசு முளைக்கும்" என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானே? விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப் பல்லுக்குக் காத்திருந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம்? ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த இடத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வரவேண்டிய பல்லின் கரு அங்கே உண்டாகவே இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்குப் பால் பல் என்பது தற்காலிகப் பல் இல்லை. அடியில் நிரந்தரப் பல் இல்லாவிட்டால் பால் பல் பல வருடங்கள், சிலருக்கு வாலிப வயது தாண்டியும், நிற்கும். அது நிற்கும்வரை அதைச் சுற்றியிருக்கும் எலும்பும் நிற்கும். பல்லைத் தாங்கும் எலும்பு மேடு பல்லுக்காகவே உண்டாவது. பல் முளைக்காத இடத்தில் அந்த மேடு வளர்வதே இல்லை, பல்லை எடுத்த இடத்தில் கரைந்துபோகிறது. என் மகனுக்கு அந்த இடது பக்கம் இன்று கத்தி முனை மாதிரி ஒடுங்கிவிட்டது. பல் செட் அங்கே பிடிக்காது, நாளைக்கு இம்பிளாண்ட் வைக்கவும் எலும்பு ஒட்டவைக்க வேண்டிவரும். அன்று ஒரு ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அதனால் மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் இது பொதுவானது: இருக்கிற பல் ஒன்றைக்கூட எக்ஸ்ரே பார்க்காமல் பிடுங்க விடாதீர்கள். கூம்பாக, அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகப் பிடுங்கவே விடாதீர்கள். இவர்களுக்கு எச்சிலும் குறைவு, அதனால் சொத்தை சீக்கிரம் விழும். ஃபுளோரைடு பற்பசை, ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், சாப்பாட்டுக்கு நடுவே ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். இவற்றை நாங்கள் 6 வயதில் ஆரம்பித்தோம். பல் தெரிந்த அன்றே ஆரம்பித்திருக்க வேண்டும்.

காத்திருப்பது

முதல் மருத்துவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. முழுவாய்க்கும் நிலையான பல் வைப்பது தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான் சரி. ஆனால் "அதுவரை ஒன்றும் வேண்டாம்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டு வருடம் என்பது ஒரு மனிதனின் குழந்தைப் பருவம் முழுவதும்.

பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த', 'ந' இரண்டும் மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி பட்டுப் பிறக்கிற எழுத்துகள் என்று பள்ளியில் இலக்கணம் படித்திருப்போம். அந்த இடத்தில் பல்லே இல்லாத, அல்லது கூம்பாக ஒன்றிரண்டு மட்டும் இருக்கிற பிள்ளை "தாத்தா", "தண்ணி", "நான்" என்று எப்படிச் சொல்வான்? என் மகன் சொல்லும்போது காற்றுதான் வரும். எல்.கே.ஜி.யில் அவனுக்குப் பேச்சு வரவில்லை, சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றுகூட எங்களிடம் சொன்னார்கள். அவனுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. இந்த நோய் பொதுவாக மூளையைத் தொடுவதில்லை.

சாப்பாடு அடுத்தது. ரசம் சாதம், இட்லி, குழைத்த பருப்பு என்று ஓட்டலாம். ஆனால் கறி, கடலை, கேரட், கரும்பு எதுவும் முடியாது, எடையும் ஏறாது. அப்புறம் முகம். மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கப் பல் இல்லாததால் மூக்கும் மோவாயும் நெருங்கி, உதடு வெளியே பிதுங்கி, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கிழவர் முகம் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளையும் குறை சொல்வதற்கில்லை.

காத்திருந்தால் எலும்பாவது மிச்சமாகுமா என்றால் அதுவும் இல்லை. பல் இல்லாத இடத்தில் எலும்பு மேடு சும்மா இருந்து வளரப்போவதில்லை. ஆகவே காத்திருப்பதால் கிடைப்பது பணமும் அலைச்சலும் மிச்சம் என்பது மட்டுமே. பல் ஓரிரண்டு மட்டுமே குறைவாக இருக்கும் பிள்ளைக்கு, பெரும்பாலும் நோயை லேசாகக் கொண்ட பெண் பிள்ளைகளுக்கு, காத்திருப்பது முழுக்க நியாயம். அவர்களுக்குக் கூம்புப் பல்லைத் திருத்திக்கொண்டு, கிளிப் போட்டு இடைவெளியை ஒழுங்குபடுத்திக்கொண்டு வளர்ச்சி முடியும்வரை பொறுக்கலாம்.

கூம்புப் பல்லுக்குக் காம்போசிட்

இதை மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூட முதலில் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். பல் நிறத்தில் சொத்தை அடைக்கிறார்களே, அதே காம்போசிட்தான். கூம்புப் பல்லின் மேல் அதை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கு காட்டி இறுக்கி, சாதாரணப் பல் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் பல்லை ராவ வேண்டியதில்லை, ஊசியும் இல்லை. என் மகனுக்கு மேலே முன்பல் இரண்டுக்கும் ஒரே உட்காரலில் முடிந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவன் வாயை மூடவே இல்லை.

இது பெயர்ந்து விழும். எங்களுக்கு மூன்று முறை விழுந்து மூன்று முறையும் திரும்ப வைத்தோம். அதனால் பல்லுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இல்லாத பல்லை இது கொண்டுவராது, கடிக்கும் பலத்தையும் பெரிதாகக் கூட்டாது. ஆனால் செலவு குறைவு, வலி இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கூம்புப் பல் இருக்கும் பிள்ளைக்கு இதை மற்ற எதற்கும் முன்னால் செய்துவிடலாம் என்பேன். பிள்ளைக்குப் பல் நாற்காலியின் மேல் பயம் போவதற்கும் இது உதவும். அடுத்து வரப்போகிற பத்து வருடத்துக்கு அந்த நாற்காலி அவனுக்கு வேண்டும்.

கழற்றி மாட்டும் பல் செட்

நாங்கள் எடுத்த வழி இதுதான். பிள்ளை ஒத்துழைக்கிற வயது வந்ததும், பள்ளியில் சேர்வதற்கு முன்பாகவே, சுமார் 3, 4 வயதிலேயே இதை ஆரம்பிக்கலாம். ஆறில் ஆரம்பித்த நாங்கள் தாமதம்தான்.

முதல் தடை அளவெடுப்பது. குழைத்த மாவை ஒரு கிண்ணியில் வைத்து வாய்க்குள் அழுத்தும்போது குமட்டும். எங்கள் மருத்துவர் முதல் இரண்டு முறையும் வெறும் கிண்ணியை மட்டும் வாயில் வைத்துப் பழக்கினார். மூன்றாம் முறைதான் மாவு. அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்று இல்லை. அவற்றைத் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். மேல் செட் அண்ணம் முழுவதும் படிந்து உட்காருவதால் பிடிமானம் இருக்கும். என் மகன் பத்து நாளில் பழகிவிட்டான். இரண்டு மாதத்தில் "தாத்தா" தெளிவாக வந்தது. என் மாமனார் அதைப் போனில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இருந்த கூம்புப் பற்களைப் பிடுங்காமல் அவற்றின் மேலேயே செட் உட்காரும்படி செய்தார்கள். அப்படிச் செய்தால் பிடிமானமும் கிடைக்கிறது, அந்தப் பற்களைச் சுற்றிய எலும்பும் பிழைத்துக்கொள்கிறது. பல் செட் என்றதும் "இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு முழு செட்டாப் போட்டுடலாம், சுலபம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கீழ் செட்தான் பாடாய்ப் படுத்தும். அங்கே அண்ணம் இல்லை. ஒடுங்கிய எலும்பு வரம்பின் மேல் ஒரு லாட வடிவத் துண்டு உட்கார வேண்டும், நாக்கு அதை அசைத்துக்கொண்டே இருக்கும். செட்டை ஈறோடு ஒட்டவைப்பது எச்சில்தான், இவர்களுக்கு அதுவே குறைவு. உரசிப் புண்ணாகும். என் மகன் கீழ் செட்டைப் பள்ளிப் பையில்தான் அதிகம் வைத்திருந்தான். நான் திட்டியிருக்கிறேன், அதற்காக இப்போது வருந்துகிறேன். அது அவன் பிடிவாதம் இல்லை. புண்ணான ஈறில் யாரால் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு இருக்க முடியும்?

பிள்ளை வளர வளர செட் சிறிதாகிவிடும். சராசரியாக இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை புதிது செய்ய வேண்டும் என்கிறார்கள். 4 வயதிலிருந்து 18 வரை கணக்குப் போட்டால் ஐந்தாறு செட். நடுவே உட்பக்கம் மட்டும் திருத்தி ஒட்டுவது தனி. ஒவ்வொரு செட்டின் செலவும் இம்பிளாண்டோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் கூட்டிப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை, அலைச்சலும் சேரும். பல் மருத்துவக் கல்லூரிகளில் செய்துகொண்டால் பணம் மிகவும் குறையும். குழந்தைப் பல் மருத்துவர், செட் செய்பவர், கிளிப் போடுபவர், தாடை அறுவை செய்பவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய வசதி. இந்த நோய்க்கு ஒற்றை மருத்துவர் போதாது.

காலத்தோடு மாற்றுகிற செட் தாடை வளர்வதைத் தடுக்காது. சிறிதாகிப்போன செட்டையே போட்டுக்கொண்டிருப்பதுதான் கெடுதல். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் அண்ணத்தில் பூஞ்சைப் புண் வரும், அடியில் இருக்கும் பல்லும் சொத்தையாகும். வேறு விஷயம் ஒன்று: பல்லின் அளவு வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பால் பல் வயதில் பால் பல் அளவு. இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பல் விழுந்து ஓட்டையாக இருக்கும்போது இவனுக்கு மட்டும் வரிசை நிறைந்திருந்தது. "எனக்கு ஏம்மா விழல?" என்று அழுதான். அடுத்த செட்டில் ஒரு பல்லைக் குறைத்து வைத்தார் மருத்துவர்.

பல் செட்டுக்கு ஆதரவாக நான் சொல்லும் பெரிய காரணம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது எதையும் கெடுப்பதில்லை என்பதே. பிடிக்கவில்லையா, கழற்றிவிடலாம். நாளை வேறு வழி வந்தால் அதற்கு இடம் அப்படியே இருக்கும். பிடுங்கிய பல்லுக்குப் பிறகு நான் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அளக்கிறேன்: இது பலிக்காமல் போனால் திரும்பி வர முடியுமா?

சிறு வயதில் இம்பிளாண்ட்

இம்பிளாண்ட் என்பது எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டானியம் வேர். எலும்பு அதோடு ஒன்றிப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அதுதான் பலம். பிள்ளைகளுக்கு அதுவே சிக்கல். இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, நடுவே ஒரு நார்த்திசு இருக்கிறது. தாடை வளரும்போது பல்லும் கூடவே நகர்ந்து வரும். இம்பிளாண்ட் நகராது. சுற்றிலும் தாடை வளர்ந்து உயர, அது வைத்த இடத்திலேயே புதைந்து நிற்கும். மேல்தாடை கீழ்நோக்கியும் முன்நோக்கியும் பல வருடம் வளர்கிறது, நடுவில் இருக்கும் பொருத்து வழியாக அகலத்திலும் வளர்கிறது. அதனால் வளரும் பிள்ளைக்கு மேல்தாடையில் இம்பிளாண்ட் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் பிணைக்கும் நிலையான பாலமும் அதே காரணத்தால் வேண்டாம்.

கீழ்த்தாடையின் முன்பக்கம் மட்டும் விதிவிலக்கு. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் பிறந்த முதல் வருடத்திலேயே நடுவில் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு முன்பக்கத்தில் அகல வளர்ச்சி சொற்பம், தாடை நீள்வது பின்பக்கத்தில்தான். பல்லே இல்லாத முன்பக்கத்தில் எலும்பு மேடும் உயரப்போவதில்லை. ஆகவே அங்கே இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அவற்றில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும்படி கீழ் செட்டைப் பொருத்துகிறார்கள். செட் அப்போதும் கழற்றக்கூடியதுதான், ஆனால் ஆடாது. 7 வயதுக்கு மேல்தான் இது கைகொடுத்திருக்கிறது.

ஆக, மூன்றாம் மருத்துவர் சொன்னது முழுக்கத் தவறில்லை. ஆனால் அவர் எண்களைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 8 வயது முதல் 68 வயது வரையிலான எக்டோடெர்மல் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், கீழ்த்தாடை முன்பக்கத்தில் வைத்தவற்றில் 91 சதவீதமும் மேல்தாடை முன்பக்கத்தில் வைத்தவற்றில் 76 சதவீதமும் நிலைத்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்வீடனில் 1985 முதல் 2005 வரை 16 வயதுக்குள் இம்பிளாண்ட் வைத்துக்கொண்ட பிள்ளைகளை எல்லாம் கணக்கெடுத்தபோது வேறு படம் தெரிந்தது. இந்த நோய் உள்ள 5 பிள்ளைகளுக்கு வைத்த 14 இம்பிளாண்ட்களில் 9 போய்விட்டன. விபத்தில் பல் போனது போன்ற காரணங்களுக்காக வைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இழப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். நான் புரிந்துகொண்டது இது: அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களும் கலந்திருக்கிறார்கள், ஸ்வீடன் கணக்கில் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள், அதிலும் மிகச் சிலர். தாடை மிகச் சிறிதாக, எலும்பு ஒடுங்கலாக இருந்ததுதான் தோல்விக்குக் காரணமாக இருக்கலாம், நோயே காரணம் என்று சொல்ல முடியாது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. அப்படியென்றால் 6 வயதில் "இப்பவே வச்சுடலாம்" என்பதற்கும் 12 வயதில் ஸ்கேன் பார்த்து எலும்பு அகலம் போதும் என்று தெரிந்துகொண்டு வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 

இன்னொன்றையும் யோசியுங்கள். இம்பிளாண்டைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்யும் பொறுப்பைப் பிள்ளை ஏற்கிற வயதாக இருக்க வேண்டும். எச்சில் குறைந்த வாயில் அழுக்கு சீக்கிரம் படியும், ஈறு வீங்கும், எலும்பு கரையும். அறுவைக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே நோயின் பெயரை எழுதிக் கொடுங்கள். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்றாது. சுரப்பை இன்னும் வற்றச் செய்யும் மருந்துகளில் அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காத்திருக்கும் அறையில்கூட ஈரத்துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

வளர்ந்த பிறகு

வளர்ச்சி முடிந்தது என்பதை வயதை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்குப் பிந்தியும், சிலருக்கு 20 தாண்டியும் முடியும். பக்கவாட்டில் தலை எக்ஸ்ரே எடுத்து, ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் இல்லையென்றால் நிலையான இம்பிளாண்ட் பேச்சை எடுக்கலாம். அப்போதும் எலும்பு போதாமல் இடுப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதோ, கன்ன எலும்பில் பிடிக்கும் நீள இம்பிளாண்டோ தேவைப்படலாம். அது பெரிய செலவு. பல் செட் காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்க ஆரம்பித்துவிடுவது நல்லது.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், வயிற்றில் இருக்கும்போதே இந்த நோய் உள்ள இரட்டைக் குழந்தைகளுக்கு, "இந்த இடத்தில் முளை" என்று சொல்லும் அந்த இல்லாத புரதத்தைப் பனிக்குட நீரில் ஊசிவழி செலுத்தினார்கள். பிறந்த பிறகு அவர்களுக்கு வியர்த்தது. 2018-இல் அது வெளியானது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிகிச்சை இல்லை அது. ஆனால் கடத்தும் பெண் கர்ப்பமாவதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போக அது இன்னொரு காரணம். மரபணுப் பரிசோதனையை என் தங்கை செய்துகொண்டாள், அவளுக்கு அந்தப் பழுது இல்லை.

எங்கள் கணக்கு

திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க முடிந்தால் என்ன செய்வேன்? எக்ஸ்ரே முதல் நாளே. முன்பல்லுக்குக் காம்போசிட் உடனே. மேல் செட் 4 வயதில். கீழ் செட்டும் செய்வேன், ஆனால் போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். இம்பிளாண்ட் பேச்சைப் பத்து வயதுக்கு முன் எடுக்கவே மாட்டேன். உங்கள் பிள்ளைக்குக் கீழே நான்கைந்து பல் இருந்து செட் நன்றாகப் பிடிக்கிறது என்றால், சிறு வயது இம்பிளாண்ட்டை மறந்துவிடலாம். கீழே முன்பக்கம் முழு வெறுமையாக இருந்து, இரண்டு செட் செய்தும் பிடிக்கவில்லை என்றால் அப்போது யோசியுங்கள்.

நாங்கள் இப்போது அந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கிறோம். மூன்றாவது கீழ் செட்டும் ஆடுகிறது. அடுத்த மாதம் தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன். எலும்பு அகலம் போதும் என்றால் மார்கழியில் இரண்டு இம்பிளாண்ட். கோடையில் வேண்டாம் என்று நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம். போன வாரம் மருத்துவர் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கி முடித்ததும், என் மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "இது நிக்கலைன்னா, பழைய செட்டையே மறுபடியும் போட்டுக்கலாமா டாக்டர்?" போட்டுக்கொள்ளலாம், எடுத்த இடம் ஆறியதும் பழையபடி பொருந்தும்படி உட்பக்கத்தைத் திருத்திக் கொடுக்கிறேன் என்றார். "அப்ப சரி" என்றான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கீழ் செட்டைப் பள்ளிப் பையிலிருந்து எடுத்து, கழுவி, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடி அவனே அலமாரியில் வைத்தான்.